பெர்லினில் படிக்கப் போகிறவர்களுக்கு

ஜெர்மனியின் பல்கலைக்கழகங்களில் குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. 2023-24 குளிர்காலப் பருவத்தில் அந்நாட்டில் பயின்ற இந்திய மாணவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 49 ஆயிரம். அங்குள்ள அயல்நாட்டு மாணவர்களில் இந்தியர்களே முதலிடம். தலைநகர் பெர்லினின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதால், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் கண் அந்நகரின் மீது பதிந்திருப்பதில் வியப்பில்லை.

கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று கருதிவிட முடியாது. மாணவர் விசா பெற, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். பெரும்பாலோர் இதற்காக முடக்கக் கணக்கு ஒன்றைத் தொடங்குகிறார்கள். 2024 செப்டம்பர் முதல் அதில் செலுத்த வேண்டிய தொகை 11,904 யூரோ. மாதம் 992 யூரோ மட்டுமே அதிலிருந்து எடுக்கலாம். நம் பணத்தில் இது 10 லட்சம் ரூபாயைத் தாண்டும். பல வீடுகளில் இது நகையை அடகு வைத்தோ, நிலத்தின் மீது கடன் வாங்கியோ திரட்டிய பணம்.

இவ்வளவு பெரிய முதலீட்டுடன் புறப்படும் பிள்ளைக்கு வழியனுப்ப வருபவர்கள் ஊறுகாய், குக்கர், கம்பளிச் சட்டை பற்றியெல்லாம் அறிவுரை சொல்கிறார்கள். போகிற நகரம் எந்த எதிர்பார்ப்பின் மேல் இயங்குகிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. அயல்நாட்டுப் பண்பாடு என்றவுடன் கைகுலுக்கலும் முள்கரண்டியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றில் தவறினால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். பணத்தையும் சில வேளைகளில் படிப்பையும் பறிக்கக்கூடிய தவறுகள் வேறு இடங்களில் நிகழ்கின்றன. அவற்றுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே: பெர்லின் தன் மக்களை முதலில் நம்புகிறது, நம்பிக்கை பொய்த்தால் கணக்கைத் தவறாமல் தீர்க்கிறது.

தடுப்பு இல்லாத நடைமேடை

இந்த உண்மை, விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முதல் மணி நேரத்திலேயே புலப்படும். பெர்லினின் ரயில் நிலையங்களில் பயணச்சீட்டைக் காட்டினால் திறக்கும் தடுப்புக் கதவுகள் இல்லை. யார் வேண்டுமானாலும் நடைமேடைக்குச் செல்லலாம், வண்டியில் ஏறலாம். சாதாரண உடையில் இருக்கும் பரிசோதகர் திடீரென்று எழுந்து சீட்டைக் கேட்பார். சரியான சீட்டு இல்லையேல் 60 யூரோ அபராதம்.

புதிதாக வருபவர் சிக்குவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். நகரின் போக்குவரத்து ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. விமான நிலையம் இருப்பது சி மண்டலத்தில். ஏ, பி மண்டலங்களுக்கு மட்டுமான சீட்டு அங்கே செல்லாது. அடுத்து, இயந்திரத்தில் வாங்கிய காகிதச் சீட்டில் நேரம் பதிக்கப்படாமல் இருக்கலாம். அதை நடைமேடையிலுள்ள சிறு பெட்டியில் நுழைத்து நேர முத்திரை பதிக்க வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு, வாங்காத சீட்டுக்குச் சமம். "தெரியாமல் செய்துவிட்டேன்" என்ற விளக்கத்தைப் பரிசோதகர் பொறுமையாகக் கேட்பார். கேட்டுக்கொண்டே அபராதச் சீட்டையும் எழுதுவார்.

இங்கே பொருளியல் மாணவர்களுக்குப் பழக்கமான ஒரு வாதம் குறுக்கிடும். குற்றத்தையும் வரவு செலவுக் கணக்காகப் பார்க்கலாம் என்று 1968-இல் எழுதியவர் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் கேரி பெக்கர். ஒரு மாணவரின் வாய்மொழித் தேர்வுக்குத் தாமதமாகிவிட, காரைத் தடைசெய்யப்பட்ட இடத்தில் நிறுத்தினால் பிடிபடும் வாய்ப்பு எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று கணக்கிட்டதில் இந்தச் சிந்தனை பிறந்ததாக அவரே கூறியிருக்கிறார். "மாதத்துக்கு ஒருமுறைதான் பரிசோதகர் வருகிறார், சீட்டு வாங்குவதைவிட அபராதம் மலிவு" என்று கணக்கிடும் மாணவர்களும் உண்டு. அந்தக் கணக்கில் விடுபடுவது ஒன்று. ஜெர்மனியில் சீட்டின்றிப் பயணம் செய்வது குற்றவியல் சட்டத்தின் 265-ஏ பிரிவின்கீழ் வரும் குற்றம். தொடர்ந்து பிடிபட்டால் வழக்குப் பதிவாகலாம். அயல்நாட்டு மாணவரின் தங்கும் அனுமதி குறிப்பிட்ட இடைவெளியில் புதுப்பிக்கப்படுவது. அந்த நேரத்தில் குற்ற வழக்கு ஒன்று கோப்பில் இருப்பதன் விலையை எந்தச் சூத்திரத்தாலும் குறைத்துக் காட்ட முடியாது.

வேலை விஷயத்திலும் இதே நிலைதான். 2024 மார்ச் முதல் மாணவர்கள் தனி அனுமதியின்றி ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யலாம். அந்த எண்ணிக்கையைத் தாமே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. கணக்கில் காட்டாமல் கையில் பணம் தருகிறேன் என்று அழைக்கும் வேலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் தவிர்க்கப்பட வேண்டியது.

அஞ்சல் பெட்டியில் ஒரு பெயர்

பெர்லினில் ஒரு மனிதர் சட்டத்தின் கண்ணில் குடியிருப்பவர் ஆவது, தம் முகவரியைப் பதிவு செய்யும்போதுதான். வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் குடிமக்கள் அலுவலகத்துக்குச் சென்று இதைச் செய்ய வேண்டும். 'ஆன்மெல்டுங்' என்பது இதன் பெயர். வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட உறுதிச் சான்று இதற்குத் தேவை. வரி எண்ணும் தங்கும் அனுமதியும் இந்தப் பதிவைத் தொடர்ந்தே வருகின்றன. வங்கிகள் பலவும் இதைக் கேட்கின்றன. ஆகவே அறை தேடும்போது வாடகையைக் கேட்பதற்கு முன், "இந்த முகவரியில் பதிவு செய்துகொள்ளலாமா?" என்று கேட்க வேண்டும். "முடியாது" என்று பதில் வந்தால் அந்த அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் மாணவருக்குப் பயன்படாது. அலுவலகத்தில் நேரம் கிடைப்பது கடினம். நகரின் எந்தப் பகுதி அலுவலகத்திலும் பதிவு செய்யலாம் என்பதால், இணையத்தில் கிடைக்கும் முதல் நேரத்தைப் பிடித்துக்கொள்வதே அறிவு.

வீட்டு முன்பணத்துக்கும் அங்கே சட்ட வரம்பு உண்டு. மின்சாரம், வெப்பமூட்டல் போன்றவை சேராத அடிப்படை வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணைகளில் செலுத்த வாடகைதாரருக்கு உரிமை உண்டு. அறையைப் பார்ப்பதற்கு முன்பே பணத்தை அனுப்பச் சொல்பவர் யாராக இருந்தாலும் அனுப்பாமல் இருப்பதே பாதுகாப்பு.

அடுத்தது, தமிழருக்கே உரிய ஒரு சிக்கல். பெர்லினின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. அஞ்சல்காரர் பெட்டியில் ஒட்டியுள்ள பெயரைப் பார்த்தே கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையேல் கடிதம் திரும்பிவிடும். வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் அஞ்சலில்தான் வரும். நமக்கோ குடும்பப் பெயர் வழக்கம் இல்லை; தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டுக்கொள்கிறோம். கடவுச்சீட்டில் அது விரிந்து குடும்பப் பெயராக நிற்கும். முருகேசனின் மகன் கார்த்திக் அங்கே 'ஹெர் முருகேசன்' ஆகிவிடுவார். தந்தையை அழைப்பதாக எண்ணித் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, பழகிக்கொள்ளலாம். கடவுச்சீட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலைப் பல்கலைக்கழகம், வங்கி, வாடகை ஒப்பந்தம் ஆகிய அனைத்திலும் பயன்படுத்துவதும், அந்தப் பெயரை முதல் நாளே அஞ்சல் பெட்டியில் ஒட்டுவதும் முக்கியம்.

வரும் கடிதங்களைப் பிரிக்காமல் வைப்பது பெருந்தவறு. முகவரி பதிவான சில வாரங்களில் பொது ஒலிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வீடும் மாதம் 18.36 யூரோ செலுத்த வேண்டும். இது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு. உடன் தங்கியிருப்பவர் ஏற்கெனவே செலுத்துகிறார் என்றால் அவருடைய கணக்கு எண்ணைத் தெரிவித்தால் போதும். பதில் எழுதாமல் இருந்தால் பாக்கி வளரும்.

ஞாயிறும் இரவும்

சனிக்கிழமை இரவு அரிசி தீர்ந்திருப்பதைக் கவனிக்காத மாணவர் ஞாயிறு முழுவதும் ரொட்டியுடன் காலம் தள்ள நேரிடும். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடப்பட்டிருக்கும். காலையில் சில மணி நேரம் ரொட்டிக் கடைகளும், முதன்மை ரயில் நிலையங்களிலுள்ள சில கடைகளும் விதிவிலக்கு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்பது 1919-ஆம் ஆண்டின் வைமர் அரசமைப்பிலேயே பாதுகாக்கப்பட்டது. அந்தப் பிரிவை 1949-இல் இயற்றப்பட்ட அடிப்படைச் சட்டம் அப்படியே ஏற்றுக்கொண்டது. கடை ஊழியருக்கும் குடும்பத்துடன் இருக்க ஒரு நாள் வேண்டும் என்ற எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது.

இதன் மறுபக்கம் அமைதி. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையிலும், ஞாயிறு முழுவதும் அண்டை வீட்டாரின் அமைதியைக் குலைக்கும் ஓசை கூடாது. சுவரில் ஆணி அடிப்பதும் துளையிடுவதும் ஞாயிறன்று செய்யும் வேலைகள் அல்ல. கைப்பேசியில் ஒலிபெருக்கியைப் போட்டு ஊருக்குப் பேசுவது, நள்ளிரவில் நண்பர்களுடன் கிரிக்கெட் பார்த்து ஆரவாரிப்பது ஆகியவை அண்டை வீட்டார் காவல்துறையை அழைக்கக் காரணமாகலாம். அவர் முதலில் வந்து சண்டை போடுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. பிறந்தநாள் கொண்டாட்டம் இருந்தால் இரண்டு நாள் முன்பே மாடிப்படி அருகில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, தொந்தரவுக்கு வருத்தம் தெரிவிப்பது அந்நகரத்து வழக்கம். பெரும்பாலோர் பொறுத்துக்கொள்வார்கள்.

நம் சமையல் தனிக் கவனம் கோருவது. குடியிருப்புகளில் புகை உணர்கருவி கட்டாயம். வற்றல் மிளகாய் தாளித்த புகைக்கு அது அலறினால், மாணவர் விடுதி முழுவதும் குளிரில் தெருவுக்கு வர நேரிடும். மேலும் குளிர்காலத்தில் சன்னலை அடைத்தே வைத்தால், சமையல் ஆவியும் உலரும் துணியின் ஈரமும் சுவரில் பூஞ்சையாகப் படியும். அதைச் சரிசெய்யும் செலவு முன்பணத்தில் கழிக்கப்படலாம். நாளுக்கு இரண்டு மூன்று முறை, சில நிமிடங்கள் சன்னலை அகலத் திறந்து மூடுவதே அங்குள்ளோர் செய்யும் வழி.

குப்பையைக் காகிதம், கண்ணாடி, உயிர்க்கழிவு, பொதிபொருள், எஞ்சியவை என்று பிரித்துப் போட வேண்டும். பானங்கள் வந்த பாட்டிலை மட்டும் எறிந்துவிடக் கூடாது. ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கும் தகரக் குவளைக்கும் வாங்கும்போதே 25 சென்ட் வைப்புத்தொகை சேர்த்து வாங்கப்படுகிறது. 2003-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில், கடையிலுள்ள இயந்திரத்தில் பாட்டிலைத் திருப்பினால் பணம் திரும்பக் கிடைக்கும். தூய்மை பற்றிப் பிரசங்கம் செய்வதைக் காட்டிலும் 25 சென்ட் அதிகம் சாதிக்கிறது. திருப்பித் தர நேரமில்லாதவர்கள் பாட்டிலைக் குப்பைத்தொட்டிக்கு உள்ளே போடாமல் அருகில் நிறுத்தி வைப்பார்கள். அதைச் சேகரித்து வாழும் முதியவர்கள் தொட்டிக்குள் கைவிட நேராதபடி செய்யும் சிறு கருணை அது.

வகுப்பறையில்

ஜெர்மன் மொழியில் 'டு' என்றால் நீ. 'ஸீ' என்றால் நீங்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இதில் தடுமாறுவார். தமிழருக்கு இது தாய்வீட்டுப் பாடம். சக மாணவரிடம் 'டு'. பேராசிரியர், அலுவலர், கடைக்காரர், வீட்டு உரிமையாளரிடம் 'ஸீ'. மூத்தவர் தாமாக 'டு' என்று அழைக்கச் சொல்லும் வரை மாற்றக் கூடாது.

பாட அட்டவணையில் 10 மணி என்பதற்கு அருகே 'சி.டி.' என்று இருந்தால் வகுப்பு 10.15-க்குத் தொடங்கும். 'எஸ்.டி.' என்று இருந்தால் சரியாக 10-க்கு. லத்தீனில் முன்னது 'நேரத்துடன்', பின்னது 'நேரமின்றி' என்று பொருள்படும். 'கல்வியாளரின் கால் மணி' என்று அழைக்கப்படும் இந்தச் சலுகை வகுப்புக்கு மட்டுமே. மருத்துவரிடமும் அலுவலகத்திலும் பேராசிரியரின் அறையிலும் குறித்த நேரம் என்றால் குறித்த நேரம்தான். வர இயலாவிட்டால் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டுவதில்லை; விரல் முட்டிகளால் மேசையைத் தட்டுவார்கள். எதிர்ப்பு என்று எண்ணி அஞ்ச வேண்டாம்; அது பாராட்டு.

நம் மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறுவது 'சரி' என்ற சொல்லில்தான். நம் ஊரில் மறுக்க மனமின்றிச் சொல்லும் 'சரி' உண்டு. புரியாமலே மரியாதைக்குச் சொல்லும் 'சரி' உண்டு. பெர்லினில் 'சரி' என்பது ஒப்பந்தம். புரிந்ததா என்று ஆசிரியர் கேட்டு, ஆம் என்று சொல்லிவிட்டால், புரிந்தது என்றே அவர் மேலே செல்வார். வெள்ளிக்கிழமைக்குள் முடிப்பேன் என்றால் வெள்ளிக்கிழமை கேட்பார். புரியவில்லை, முடியாது, இன்னும் ஒரு வாரம் தேவை என்று முதலிலேயே சொல்வது அங்கே மரியாதைக் குறைவு ஆகாது. தலையை இருபுறமும் மெல்ல அசைத்து நாம் தெரிவிக்கும் சம்மதத்தையும் அவர்கள் மறுப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். வாயால் சொல்லிவிடுவது நல்லது. அதுபோலவே கருத்தரங்கில் உங்கள் கட்டுரையை ஒருவர் முகத்துக்கு நேரே குறை சொன்னால், அது உங்கள் மீதுள்ள பகை அன்று. அவரே சிறிது நேரத்தில் உங்களுடன் காப்பி குடிக்க வருவார்.

மதிப்பெண் அளவும் தலைகீழானது: 1.0 மிகச் சிறப்பு, 4.0 தேர்ச்சி எல்லை, 5.0 தோல்வி. தேர்வுக்குத் தனியே பதிவு செய்ய வேண்டும்; ஒரு தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்குப் பெரும்பாலான படிப்புகளில் வரம்பு உண்டு. வரம்பு தீர்ந்தால் அந்தப் படிப்பையே தொடர முடியாமல் போகும். ஆகவே படிப்பின் தேர்வு விதிகளை முதல் வாரத்திலேயே வாசித்துவிட வேண்டும்.

பிறர் எழுத்தை எடுத்தாண்டு மேற்கோள் காட்டாமல் விடுவதை அந்நாடு எவ்வளவு கடுமையாகக் கருதுகிறது என்பதற்கு இரண்டு நிகழ்வுகள் போதும். முனைவர் பட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்தைக் கையாண்டது வெளிப்பட்டு, பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க் 2011-இல் பதவி விலகினார். பட்டம் பறிக்கப்பட்ட கல்வி அமைச்சர் ஷவான் 2013-இல் விலகினார். அமைச்சருக்கே கிடைக்காத மன்னிப்பு முதுநிலை மாணவருக்குக் கிடைக்காது.

தரையில் பதிந்த வரலாறு

ஹம்போல்ட் பல்கலைக்கழக முதன்மைக் கட்டடத்தின் எதிரே பேபல் சதுக்கம் இருக்கிறது. அங்கே தரையில் ஒரு கண்ணாடி. அதற்குக் கீழே புத்தகமே இல்லாத வெண்ணிற அலமாரிகள். 1933 மே 10 அன்று நாஜி மாணவர்கள் அங்கே நூல்களை எரித்ததன் நினைவுச்சின்னம் அது. எரித்தவர்களில் பல்கலைக்கழக மாணவர்கள் இருந்தார்கள் என்பதை, அங்கே படிக்கப் போகிறவர்கள் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். நகரின் நடைபாதைகளில் பத்து சென்டிமீட்டர் அளவுள்ள பித்தளைக் கற்கள் பதிந்திருக்கும். அந்த வீட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவரின் பெயரும் ஆண்டும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். பிராண்டன்பர்க் வாயிலுக்கு அருகே, கொல்லப்பட்ட யூதர்களுக்காக 2005-இல் திறக்கப்பட்ட நினைவிடத்தில் 2,711 கான்கிரீட் பாளங்கள் நிற்கின்றன. உயரம் தாண்டும் விளையாட்டுக்கும் சிரித்த முகத் தற்படத்துக்கும் அது இடம் அன்று.

நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது ஜெர்மானியச் சட்டப்படி குற்றம். வேடிக்கைக்காக ஹிட்லர் பாணியில் கையை உயர்த்துவதும் அதில் அடங்கும். 2017-இல் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் அப்படிப் படம் எடுத்துக்கொண்ட இரண்டு சுற்றுலாப் பயணிகள் கைது செய்யப்பட்டார்கள். நம் பூஜைப் பொருள்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் இடம்பெறும் சுவஸ்திகம் வேறு பொருளுடையது என்பது நமக்குத் தெரியும். தெருவில் செல்லும் முதியவருக்குத் தெரியாது. அதைப் பூஜை அலமாரிக்குள் வைத்துக்கொள்வதும், வாசல் கதவிலும் சட்டையிலும் மடிக்கணினியிலும் தவிர்ப்பதும், பிறர் துயரத்துக்கு நாம் காட்டும் மரியாதை.

குளிரும் தனிமையும்

டிசம்பரில் பெர்லினில் சூரியன் மாலை 4 மணிக்குள் மறைந்துவிடும். காலை 8 மணிக்குப் பிறகே எழும். வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த இருள், குளிரைவிடக் கடுமையானது. முகம் கொடுத்துப் பேச ஆளில்லை என்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். அங்கே நட்பு மெல்லத்தான் மலரும்; விளையாட்டுக் குழு, பாடகர் குழு, மொழி வகுப்பு என்று வாரந்தோறும் கூடும் ஏதாவது ஒன்றில் சேர்வதே அதற்கு வழி. நொய்கோல்ன் பகுதியில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய முருகன் கோயில் இருக்கிறது. தமிழ்க் குரல் கேட்க வேண்டும் என்று தோன்றும் நாளில் அங்கே செல்லலாம். மனச்சோர்வு நீடித்தால் மாணவர் நல அமைப்பின் உளவியல் ஆலோசனையைக் கட்டணமின்றிப் பெறலாம். உயிருக்கு ஆபத்து, தீ என்றால் 112, காவல்துறைக்கு 110, மருத்துவர்களின் சிகிச்சையகங்கள் மூடியிருக்கும் நேரத்தில் உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு 116117. இந்த எண்களை விமானம் ஏறும் முன்பே கைப்பேசியில் பதிந்துகொள்ள வேண்டும். பெற்றோரும் மதிப்பெண்ணை மட்டும் கேட்காமல், "இன்று யாருடன் பேசினாய்?" என்று கேட்டால் பிள்ளையின் நிலை விளங்கும்.

மேலே சொன்ன விதிகள் அனைத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றின் பின்னும் யாரோ ஒருவர் இருக்கிறார்: ஞாயிறன்று ஓய்வெடுக்கும் கடை ஊழியர், இரவில் உறங்கும் அண்டை வீட்டார், நேரம் ஒதுக்கிக் காத்திருக்கும் பேராசிரியர். அவரை நினைத்தால் விதி தானாக நினைவுக்கு வரும். நம்பிக்கையைச் சமூகத்தின் பொது மூலதனம் என்கிறது பொருளியல். பெர்லினில் வீட்டு உரிமையாளர் ஒருவர் தமிழ் மாணவருக்குத் தயக்கமின்றி அறை தருகிறார் என்றால், முன்பு அங்கே தங்கியவர் வாடகையை ஒழுங்காகக் கொடுத்து, சுவரைச் சுத்தமாக விட்டுச் சென்றிருப்பார். அந்த மூலதனத்தைக் குறையாமல் அடுத்த ஆண்டு வரும் மாணவரிடம் ஒப்படைப்பதும் இந்த அக்டோபரில் செல்பவர்களின் கடமை.